ராஜா கப்பலும் எங்கள் வீட்டு நிச்சயதார்த்தமும்

எங்கள் தொழிலில் 'கூறப்படுகிறது' என்று ஒரு சொல் உண்டு. யார் கூறினார் என்று தெரியாதபோதும், தெரிந்தாலும் அந்த ஆளின் பெயரைப் போட வெட்கமாக இருக்கும்போதும் அதைப் பயன்படுத்துவோம். வாசகர் அந்தச் சொல்லைக் கண்டதும் சொன்னதில் பாதியைத் தானே கழித்துக்கொள்வார் என்பது பத்திரிகைக்காரர்களின் நம்பிக்கை. என் மைத்துனன் பிரபு அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் படித்தான். அதன் விளைவாக, ஒரு வியாழக்கிழமை காலை, குழந்தைகள் அளவு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலில் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் நிருபர். ஞாயிறு பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது, எதையாவது அனுப்பு என்று செய்தி ஆசிரியர் சொன்னார். 'ராஜா கப்பல்' எழுதினேன். பல்லவ ராஜா ஒருவர், கடல் கடந்து கட்டிக்கொடுத்த மகளுக்குச் சீர் அனுப்பிய கப்பல், கரையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே மூழ்கிவிட்டது என்று கதை. எனக்கு அதைச் சொன்னவர்கள் இரண்டு பேர்: ஓர் இளநீர்க்காரர், சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு ஓட்டும் ஒருவர். கப்பலில் இருந்தது முத்து என்றார் முன்னவர். தங்கம் என்றார் பின்னவர். இருவரும் என் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் நடுநிலை தவறாமல் 'முத்தும் தங்கமும்' என்று எழுதினேன். கட்டுரை முழுக்க 'கூறப்படுகிறது' மயம். சீர் வரிசையில் அண்டா குண்டா இருந்ததா என்பதைத் தவிர மீதி எல்லாம் அதில் இருந்தது.

பிரபு அதை வெட்டி லேமினேட் செய்து வைத்துக்கொண்டான்.

பிரபு என் மனைவி கலாவின் தம்பி. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. (என்ன வேலை என்று கேட்டால் 'கம்ப்யூட்டர்ல' என்பார் என் மாமனார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, பிரபுவுக்கும் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.) அவனுக்குச் செங்கல்பட்டில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் சுகன்யா பொத்தேரியில் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா வருவாய் ஆய்வாளர். வீட்டில் சிரித்தால்கூட அதற்கு ஆதாரம் கேட்கிற மனிதர் என்று பெயர். எல்லோரும் அவரை ஆர்.ஐ. என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவி உட்பட. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் ஆகிவிட்டது. அந்த வாரம்தான் பிரபு லீவு போட்டுவிட்டு ராஜா கப்பலைத் தேடக் கிளம்பினான்.

"ஏன்டா, ஒரு வாரம் கழிச்சுப் போயேன்" என்றேன்.

"நிச்சயம் ஆயிட்டா சுகன்யா விடமாட்டா மாமா."

"அப்ப உனக்கே தெரியுது இல்ல, இது கிறுக்குத்தனம்னு."

"எது கிறுக்குத்தனம்? சோர்ஸ் நீங்கதான்." லேமினேட் செய்த என் கட்டுரையை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

அது நான் சும்மா எழுதியது, இடம் நிரப்ப எழுதியது என்று விளக்கினேன். பெரிய ஆட்கள் உங்களை மிரட்டிவிட்டார்களா என்று பரிவோடு கேட்டான். கலா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "நீங்கதான எழுதுனீங்க. நீங்களே கூடப் போய் ஒழுங்கா இட்டுகினு வாங்க. ஞாயித்துக்கிழமை அவன் மணையில உக்காரணும், அவ்ளோதான்."

ஆக, என் வேலை புதையல் எடுப்பதல்ல. மாப்பிள்ளையை உயிரோடும், வேலையோடும், பெண்ணோடும் திருப்பிக் கொண்டுவருவது.

படகுக்காரர் பெயர் கன்னியப்பன். ஐம்பதைத் தாண்டியவர். அவருக்குக் கப்பலிலும் நம்பிக்கை இல்லை, எங்கள் மீதும் இல்லை. அவருடைய அக்கா மகன் தேசிங்கு, கடலடியில் சிக்கிய வலையை முக்குளித்து எடுத்துக் கொடுப்பவன். ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடிக்கடி வலை மாட்டிக் கிழிகிறது என்று கன்னியப்பன் சொன்னதுதான் பிரபுவின் மொத்த ஆராய்ச்சி.

"எத்தினி வருசமா அங்க மாட்டுது?" என்று அவரைக் கேட்டேன். நிருபன் அல்லவா.

"ரெண்டு வருசமா தான் அண்ணாத்த இந்த பேஜாரு. அதுக்கு முன்னால அங்க ஒன்னியும் கெடையாது. வழவழன்னு மணலுதான்."

பல்லவர் கப்பல் இரண்டு வருடத்துக்கு முன் எப்படி மூழ்கியிருக்கும் என்று, வேலைக்குச் சேர்ந்து முதல் நாள் ஆன நிருபன்கூடக் கேட்டிருப்பான். கேட்க வாயைத் திறந்தேன். பிரபு முந்திக்கொண்டான்: "மண்ணு அரிச்சுக் கப்பல் மேல வருது மாமா. நேச்சுரல் ப்ராசஸ்." நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அடுத்து அதைத் திறந்தது வாந்திக்காகத்தான்.

கரையிலிருந்து வெகு தூரமெல்லாம் போகவில்லை. உடைகிற அலைகளைத் தாண்டி, கொஞ்சம் நேராகப் போய், கன்னியப்பன் எஞ்சினை நிறுத்தினார். கலங்கரை விளக்கம் தெரிந்தது, கல்பாக்கம் பக்கம் போகும் பஸ்களின் ஹார்ன்கூடக் கேட்பதுபோல் இருந்தது. எஞ்சின் ஓடும்வரை எனக்கு ஒன்றுமில்லை. நின்று, படகு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்ததும் காலையில் சாப்பிட்ட பொங்கல் வெளியே வந்தது. பிரபு ஆன்லைனில் வாங்கிய உலோகம் கண்டறியும் கருவியை நீட்டினான். அது விடாமல் அலறியது. எஞ்சினைப் பார்த்துத்தான் அலறுகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது.

தேசிங்கு குதித்தான். முதல் முறை மேலே வந்து துப்பினான். இரண்டாம் முறை வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கல்லு கீது" என்றான்.

"இன்னா கல்லு?" என்றார் கன்னியப்பன்.

"மூஞ்சி வெச்ச கல்லு."

கயிறு கட்டி நான்கு பேரும் இழுத்தோம். (நான் இழுத்தேன் என்பது சம்பிரதாயத்துக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே திசையில் வாந்தி எடுத்தேன்.) இடுப்புயர அம்மன் சிலை. மேலெல்லாம் சிப்பி, பாசி. வலது கை மணிக்கட்டோடு இல்லை. பிரபு அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அழுதான். "பல்லவர் காலம் மாமா. மூக்கைப் பாருங்க. பல்லவ மூக்கு."

இந்த இடத்தில், நிதானமானவன் என்று அலுவலகத்தில் பேர் வாங்கிய நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டும். போனை எடுத்தேன். சிக்னல் இருந்தது, இல்லாமல் போயிருக்கலாம். செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு, "முதல் பக்கம் எட்டுக் காலம் முழுசா ஒதுக்கி வைங்க, ராஜா கப்பல் கிடைச்சிடுச்சு" என்றேன். தலைப்பும் நானே சொன்னேன். "நிச்சயமா?" என்று கேட்டார். "என் கண் முன்னால இருக்கு சார்" என்றேன். வாந்தி வரும் முன் சொல்லி முடித்துவிட்டோமே என்ற திருப்தியில் வைத்தேன்.

கன்னியப்பனும் ஒரு போன் போட்டிருந்தார் போலிருக்கிறது, கரைக்கு வருவதற்குள் குப்பம் முழுக்கக் கூடியிருந்தது. மஞ்சத்தண்ணி, வேப்பிலை, கற்பூரம் எல்லாம் தயாராக இருந்தன. தனபாக்கியம் என்றொரு மீன்காரம்மாளுக்கு உடனே அருள் வந்துவிட்டது. "இத்தினி நாளு குளுருல கெடந்தேன்டா" என்று அம்மன் சொன்னதாக அவர் சொல்ல, கூட்டம் குலவையிட்டது. தன் படகில் வந்த ஆத்தா தங்கள் குப்பத்துக்குத்தான் என்றார் கன்னியப்பன். இது தேசத்தின் சொத்து என்றான் பிரபு. அதற்குள் யாரோ தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

பைக்கில் வந்து இறங்கியவர் ஆர்.ஐ. அந்தக் கரை அவருடைய எல்லைக்குள் வருகிறது என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தார். முதலில் சிலையை. பிறகு, சிலையைக் கரைக்கு இழுத்ததில் நனைந்து, ஈர ஜட்டிமேல் துண்டு கட்டி நின்ற தன் வருங்கால மருமகனை. கடைசியில் மார்புவரைகூட வராத ஆரஞ்சு ஜாக்கெட்டில் நின்ற என்னை. போன வாரம் வரை பிரபுவை வாய் நிறைய 'மாப்ள' என்று கூப்பிட்டவர், "மிஸ்டர் பிரபு, இங்க என்ன நடக்குது?" என்றார்.

அந்த 'மிஸ்டர்' ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"அங்கிள், பல்லவர் காலச் சிலை. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"பழைய சிலைன்னா அனுமதி இல்லாம எடுத்தது குத்தம். நான் ரிப்போர்ட் எழுதணும். எழுதினா ஸ்டேஷன் போகும். புரியுதா?" குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. பழசா, புதுசா?"

கரையில் நின்ற நாய்க்குக்கூட விளங்கியிருக்கும், மனிதர் வாசல் திறந்து வைக்கிறார் என்று. பிரபு நெஞ்சை நிமிர்த்தினான். "ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும் அங்கிள்."

"பாத்தா அப்படித் தெரியலையே."

"மூக்கைப் பாருங்க அங்கிள்."

நான் அவன் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவன் துண்டைக் காப்பாற்றிக்கொண்டு மேலும் ஒரு நூறு வருடம் சேர்த்தான். ஆர்.ஐ. பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவே வெகு நேரம் எடுத்துக்கொண்டார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவரும்தானே ஊரெல்லாம் பத்திரிகை வைத்திருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் என் மாமனார் வந்து சேர்ந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்க்காரர். விவசாயத்தோடு தண்ணி லாரி ஓட்டுகிறார். சேதி கேட்டதும் போட்டது போட்டபடி லாரியிலேயே வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சம்பந்தி ஆகப்போகிறவருக்கு வணக்கம் சொல்லி, சிலையைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து, கடலைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினார்.

"மாப்பிள்ளே. அத்த திருப்பிப் போட்டுறச் சொல்லு."

"என்ன மாமா?"

"எடுத்த எடத்துலயே போட்டுறச் சொல்லு. நான் டீசலுக்கு குடுக்கறேன்."

சாமி குத்தம் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். படித்தவன் என்ற முறையில் அவர் தோளைத் தட்டித் தைரியம் சொன்னேன்.

அப்போது தேசிங்கு கூவினான். "அடியில எய்த்து கீது."

கூட்டம் மொத்தமும் குனிந்தது. பீடத்தின் முன்பக்கத்தில், சிப்பி மூடிய இடத்தில், ஏதோ செதுக்கியிருந்தது. பிரபுவுக்கு மறுபடியும் கண் கலங்கியது. "கல்வெட்டு மாமா. நீங்கதான் படிக்கணும்." ஆர்.ஐ.யும் பேனாவை நிறுத்தி, "படிங்க சார், நீங்க பத்திரிகைக்காரர்" என்றார். என் மாமனார் என் கையைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொண்டேன். சரித்திரத்தின் முன்னால் மாமனார் எம்மாத்திரம்.

தேசிங்கு கத்தியால் சுரண்டச் சுரண்ட, நான் செய்தி வாசிக்கிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

"உ."

"பிள்ளையார் சுழி" என்று கிசுகிசுத்தான் பிரபு.

"ப. ய. ம்."

கொஞ்சம் சலசலப்பு. உபயம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் டியூப் லைட்டில், மின்விசிறியில், குடிதண்ணீர்க் குழாயின் மேல் நாம் பார்க்கிற அதே உபயம். பல்லவ ராஜாவும் உபயம் போடுகிறவர்தான் போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு விளக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"கோ. விந். த. சா. மி. அரிசி மண்டி."

கோவிந்தசாமி என்பது என் மனைவியின் தாத்தா பெயர். அரிசி மண்டியும் அவருடையதுதான். இரண்டும் என் மூளைக்கு எட்டுவதற்குள் அடுத்த வரியையும் படித்துவிட்டேன். அதில் 'போன்' என்று இருந்தது. எண் மட்டும் சிப்பிக்கு அடியில் போய்விட்டது.

தனபாக்கியம் அம்மாளுக்கு வந்த அருள் மலையேறிவிட்டது. ஆர்.ஐ. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அப்புறம், நான் அவரிடம் அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. உதட்டோரம் கொஞ்சம் கோணியது.

"பல்லவ ராஜா போன் வெச்சிருந்தாரா, மாப்ள?"

அந்த 'மாப்ள' காதில் விழுந்ததும் நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மண்டபம் திறந்துவிட்டது. மற்றபடி எங்கள் மானம் போய்க்கொண்டிருந்தது.

விசாரணை தொடர்ந்தது. இது எப்படிக் கடலுக்குள் போனது என்று என் மாமனாரைக் கேட்டார் ஆர்.ஐ. "பின்னமான சிலைங்க. பூஜைல வெக்கக்கூடாது இல்ல. முறைப்படி தண்ணில வுட்டுட்டு புதுசு வெச்சோம்" என்றார் மாமனார்.

"எப்படிப் பின்னமாச்சு?"

மாமனார் செருப்பைப் பார்த்தார். "கோயிலுக்குத் தண்ணி ஊத்த வந்தப்போ, லாரி ரிவர்ஸுல..."

ஊரில் மாமனார் வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்குப் புதுச் சிலை வைத்துக் கும்பாபிஷேகம் செய்தபோது சொல்லப்பட்ட காரணம் வேறு. அம்மன் கனவில் வந்து, புது உருவம் வேண்டும் என்று கேட்டாளாம். அந்தச் செய்தியை எழுதியதும் நான்தான். 'அம்மன் கனவில் தோன்றி உத்தரவிட்டதாகக் கூறப்படுகிறது.' யார் கனவில் என்று நான் அப்போதும் கேட்கவில்லை. பழைய அம்மனைப் புடவையும் வெள்ளிக் கவசமும் இல்லாமல் பூசாரியைத் தவிர நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அதனால்தான் சொந்தக் குலதெய்வத்தையே பல்லவ மூக்கு என்று பிரபு கொண்டாடினான்.

"நடுக்கடல்ல விட்டதா சொன்னியேப்பா" என்றான் பிரபு, அழுகிற குரலில். "கரையே தெரியலன்னியே."

"நடுக்கடல்தான்டா. வேற குப்பத்துப் படகுல வந்தேன். அலையத் தாண்டுனதும் எனக்கு வாந்தி வந்துடுச்சு. இதுக்கு மேல தாங்காதுன்னு அங்கயே வுட்டுட்டேன்."

இரண்டு தலைமுறை வாந்தியால் சுட்டிக்காட்டப்பட்ட இடம் அது. அந்த விஷயத்தில் மட்டும் பிரபுவின் ஆராய்ச்சி மிகத் துல்லியம்.

சிலை பழசில்லை, புதையல் இல்லை, உரியவர் நேரில் இருக்கிறார், எடுத்துப் போகலாம் என்று ஆர்.ஐ. சொல்லிவிட்டார். மாமனார் லாரியின் பின்கதவைத் திறக்கப் போனார். தனபாக்கியம் அம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க எடுத்துகினு போற?"

"எங்க சாமிம்மா."

"உங்க சாமின்னா ஏன் கடல்ல போட்ட? கை இல்லன்னு தான? கை ஒடிஞ்ச புள்ளய வூட்ட வுட்டுத் தொரத்துவியா நீ? போன் நம்பரு இருந்தா இன்னா, ஆத்தா ஆத்தாதான். தூக்கிப் போட்டவன் கேக்கக்கூடாது."

என் மாமனார் ஆர்.ஐ.யைப் பார்த்தார். இது வருவாய்த்துறையில் வராது என்றார் ஆர்.ஐ. லாரியின் பின்கதவு திரும்ப மூடப்பட்டது.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. செய்தி ஆசிரியருக்குப் போன் போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எட்டுக் காலத்துக்கு இப்ப நான் என்னய்யா வைக்கிறது, உங்க மாமனார் போட்டோவா?" என்றார். மறுநாள் முதல் பக்கத்தில் தக்காளி விலை வந்தது. அடுத்த மாதத்திலிருந்து என்னை 'இன்று ஆலயங்களில்' பகுதிக்கு மாற்றினார்கள். அதில் வந்த முதல் அறிவிப்புகளில் ஒன்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அம்மன் பிரதிஷ்டை.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை குறித்தபடி நடந்தது. தட்டு மாற்றும்போது பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் எங்கள் தட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தார், உபயம் யார் என்று. மண்டபமே சிரித்தது. ஆர்.ஐ. ஆதாரம் கேட்காமல் சிரித்தார். சுகன்யா போட்ட ஒரே நிபந்தனை, பிரபு இனிமேல் படகில் ஏறக்கூடாது. முட்டுக்காடு போட் ஹவுஸில்கூட இன்றுவரை அவன் கரையில்தான் நிற்கிறான், அவள் குழந்தைகளோடு சுற்றிவிட்டு வருகிறாள்.

அம்மன் அந்தக் குப்பத்திலேயே தகரக் கொட்டகையில் இருக்கிறாள், கை இல்லாமல், நல்ல வரும்படியோடு. ஆடி மாதத் திருவிழாவுக்கு முதல் சீர் எங்கள் குடும்பத்துடையது. தண்ணீர் என் மாமனாருடைய லாரி. வண்டியைக் கோயிலுக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திக் குழாய் போட்டு ஊற்றுகிறார். பீடத்தின் எழுத்தைப் புடவைக் கொசுவம் மறைத்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கன்னியப்பன் வாசலில் ஒரு கிரானைட் பலகை பதித்தார். அதில் இப்படிச் செதுக்கியிருக்கிறது: 'இந்த அம்மன் பல்லவ ராஜா கப்பலில் வந்ததாகக் கூறப்படுகிறது.'

திருவிழாவுக்குப் போனால் கலா என்னை அந்தப் பலகை முன் நிறுத்தி, சத்தமாகப் படிக்கச் சொல்வாள், குழந்தைகளும் சூழ்ந்துகொள்ளும். இந்த வருடம் கேமராவோடு வந்த ஒரு சுற்றுலாப் பயணி அதைப் படித்துவிட்டு, யார் கூறியது என்று கன்னியப்பனைக் கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கன்னியப்பன் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ நிக்கிறாரு பாரு. அவுருதான் பேப்பர்லயே போட்டாரு."